காயைப் பார்த்தால் கடுகு தெரியும்

கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். நவம்பரில் தொடங்கி மார்ச்சில் அது ஓயும்போது கரையோரக் குன்றுகளும் சாலை ஓரங்களும் உழாமல் கிடக்கும் வயல்களும் மஞ்சள் பூவால் மூடிக்கொள்கின்றன. அந்த மஞ்சளைப் பலரும் காட்டுக் கடுகு என்ற ஒரே பெயரால் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதற்குள் பல சிற்றினங்கள் கலந்து நிற்கின்றன. உண்மையான கடுகு வகைகளில் ஒன்றுகூட அந்த மண்ணுக்கு உரியது அல்ல. மத்திய தரைக்கடலைச் சுற்றிய நாடுகள், ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய இடங்களிலிருந்து குடியேறிகளோடும் அவர்களுடைய பயிர்களோடும் வந்து பரவியவை அவை.

எது எது என்று தெரியாமல் இவற்றைக் கட்டுப்படுத்தப் புகுந்தால் உழைப்புதான் வீணாகும். ஒன்று ஓராண்டில் காய்த்து மடிந்துவிடும். காய் முற்றுமுன் பிடுங்கினால் அந்த ஆண்டு விதை விழாது. இன்னொன்று வேரில் உயிரை வைத்திருந்து, அறுத்த பிறகும் தழைக்கும். ஒன்றின் விதை வயல் மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மற்றொன்று பக்கத்து வயலின் பயிரோடு மகரந்தம் கலந்துகொள்ளும். பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள்.

முதலில் செடி கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதானா என்று உறுதி செய்ய வேண்டும். இந்தக் குடும்பத்தின் பூவில் 4 இதழ்கள் சிலுவை வடிவில் விரிந்திருக்கும். புல்லி இதழ்களும் 4. நடுவில் 6 மகரந்தத் தாள்கள். அவற்றில் 4 உயரமாகவும் 2 குட்டையாகவும் இருக்கும். இந்த நான்கும் இரண்டும்தான் உறுதியான அடையாளம். வெறும் 4 இதழை நம்பினால் ஏமாற நேரும். கலிபோர்னியாவின் பாலைகளிலும் கடற்கரையிலும் இயல்பாக வளரும் வேறொரு குடும்பத்துச் செடிகள், அங்கு மாலை பிரிம்ரோஸ் என்று அறியப்படுபவை, பலவும் மஞ்சளாக 4 இதழோடு பூக்கின்றன. அவற்றில் மகரந்தத் தாள்கள் 8. சூலகம் இதழ்களுக்குக் கீழே காம்பு போல நீண்டிருக்கும். கலிபோர்னியாவின் மாநிலப் பூவான பாப்பிக்கும் 4 இதழ்கள்தான், ஆனால் அதில் மகரந்தத் தாள்கள் எண்ண முடியாத அளவு நிறைந்திருக்கும். தமிழ்நாட்டு வயல் வரப்புகளில் நாய்க்கடுகு என்று பெயர் பெற்ற மஞ்சள் பூச்செடியும் இப்படித்தான். அதன் விதை கடுகை ஒத்திருக்கும், காயும் நீண்டிருக்கும். ஆனால் இலை மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிந்து, தொட்டால் பிசுபிசுக்கும். மகரந்தத் தாள்கள் பத்துக்கும் மேல். அது வேளைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

பூ குடும்பத்தைக் காட்டிக் கொடுக்கும்; அதற்கு மேல் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. இதழின் அளவு செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். நிறமும் வெயிலில் வெளுக்கும். சிற்றினத்தைச் சொல்லும் உறுப்பு காய்தான். கடுகுச் செடியில் ஒரு வசதி உண்டு: பூங்கொத்து கீழிருந்து மேலாக நீண்டுகொண்டே போவதால், நுனியில் மொட்டும் அதற்குக் கீழே பூவும் அடியில் முற்றிய காயும் ஒரே சமயத்தில் கிடைக்கும். ஆகவே பூத்திருக்கும் செடியில் காய் இல்லை என்று கைவிட வேண்டியதில்லை. கொஞ்சம் கீழே பார்த்தால் போதும்.

கடுகின் காய் இரண்டு ஓடுகளால் ஆனது. நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று தடுப்பாக நிற்கும். விதைகள் அதன் ஓரங்களில் ஒட்டியிருக்கும். முற்றியதும் ஓடுகள் அடியிலிருந்து பிரிந்து விழுந்துவிடும், சவ்வு மட்டும் செடியிலேயே தங்கும். ஓடுகள் முடியும் இடத்துக்கு மேலே, காயின் நுனியில் பிளக்காத பகுதி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை அலகு என்கிறார்கள். அலகு எவ்வளவு நீளம், மெலிந்ததா தடித்ததா, உள்ளே விதை இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. காய் தண்டோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கிறதா, விலகி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பது அடுத்தது. ஓட்டின் மேல் ஓடும் நரம்புகளையும் எண்ண வேண்டும்: பிராசிக்கா பேரினத்தில் ஓட்டுக்கு ஒரே ஒரு நரம்பு தெளிவாக எழுந்து தெரியும், சைனாபிஸ் பேரினத்தில் மூன்றோ அதற்கு மேலோ தெரியும். கைவசம் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும் ஓர் அளவுகோலும் இருந்தால் இத்தனையையும் வயலில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

காய்க்கு அடுத்தபடி இலை. அடியிலைகள் பெரும்பாலும் எல்லாக் கடுகிலும் ஒன்றுபோலவே நுனியில் ஒரு பெரிய மடலும் பக்கங்களில் சிறு மடல்களுமாக இருப்பதால் தொடக்கத்தில் குழப்பவே செய்யும். தண்டின் மேற்பகுதியில் உள்ள இலையைத்தான் பார்க்க வேண்டும். அது காம்போடு நிற்கிறதா, காம்பில்லாமல் ஒட்டியிருக்கிறதா, அல்லது அதன் அடிப்பகுதி இரு காதுகளாக வளைந்து தண்டைத் தழுவிக்கொள்கிறதா? இந்த ஒரு கேள்வி சிற்றினங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடும்.

கலிபோர்னியாவில் மிக அதிகமாகக் குழம்பும் இணை கருங்கடுகும் குட்டைக்காய்க் கடுகும். கருங்கடுகின் அறிவியல் பெயர் பிராசிக்கா நைக்ரா. மற்றதன் பெயர் ஹிர்ஷ்ஃபெல்டியா இன்கானா. இரண்டிலும் மேல் இலைகள் தண்டைத் தழுவுவதில்லை. இரண்டிலும் காய் குட்டை. இரண்டிலும் அது தண்டோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும். பல ஊர்களில் கருங்கடுகு என்று காட்டப்படும் செடி உண்மையில் மற்றதாக இருக்கும். உயரம் ஓரளவு உதவும். கருங்கடுகு நல்ல மழை ஆண்டில் 2 மீட்டரைத் தாண்டி ஆளை மறைக்கும். மற்றது பெரும்பாலும் இடுப்பளவிலோ மார்பளவிலோ நின்றுவிடும். ஆனால் வறண்ட ஆண்டில் கருங்கடுகும் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடுவதால் உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியல்ல.

அலகுதான் தீர்ப்பு. கருங்கடுகின் காய் 1 முதல் 2.5 சென்டிமீட்டர் வரை நீண்டு, நான்கு பட்டையாக இருக்கும். அதன் அலகு சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய முனை. அதற்குள் விதை இராது. காய்க்காம்பும் மெலிந்தது. குட்டைக்காய்க் கடுகின் காய் 1 சென்டிமீட்டரை ஒட்டியே நிற்கும். அதன் அலகு 3 முதல் 6 மில்லிமீட்டர். ஓட்டுப் பகுதியில் பாதி அளவுக்கு வரும். அது புடைத்திருக்கும்; நகத்தால் கீறினால் பல சமயம் உள்ளே ஒரு விதை கிடைக்கும். காய்க்காம்பும் முற்றும்போது தடித்துவிடும். இதோடு தண்டின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். குட்டைக்காய்க் கடுகில் அங்கே வெண்மையான மயிர் அடர்ந்து, செடிக்கே சாம்பல் பூத்த தோற்றத்தைத் தரும். தரையோடு விரியும் அடியிலைக் கொத்தும் பூக்கும் காலம்வரை வாடாமல் இருக்கும். கருங்கடுகில் பூக்கும் நேரத்தில் அடியிலைகள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும்.

காலமும் ஒரு சான்று. கருங்கடுகு ஓராண்டுச் செடி. கோடை வெயில் ஏறியதும் காய்ந்து பழுப்பாகிவிடும். குட்டைக்காய்க் கடுகு இரண்டாண்டோ அதற்குச் சற்று மேலோ வாழக்கூடியது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மலை முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது சாலையோரத்தில் மஞ்சள் பூத்து நிற்கும் கடுகு பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். அதை வெறுமனே அறுத்தால் அடிவேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும்.

கருங்கடுகின் வரவு ஸ்பானியர்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1769இல் சான் டியேகோவில் தொடங்கி 1823 வரை பிரான்சிஸ்கன் துறவிகள் 21 திருச்சபைக் குடியிருப்புகளை அமைத்தார்கள். அவற்றை இணைத்த பாதை நெடுகிலும் வழி தவறாமல் இருக்க அவர்கள் கடுகு விதையைத் தூவிச் சென்றதாக ஒரு கதை கலிபோர்னியாவில் இன்றும் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, செடி பரவிய விதம் கண்கூடு. காய்ந்த தண்டுகளிலிருந்து மழைநீரில் கரைந்து இறங்கும் பொருட்கள் மற்றச் செடிகளின் விதை முளைப்பைத் தடுப்பதாக அங்கு நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தண்டுகளே காட்டுத்தீக்கும் விறகாகின்றன. தீயில் புதர்க்காடு அழிந்த இடத்தில் அடுத்த மழைக்குக் கடுகு முந்திக்கொள்கிறது. அந்தக் கடுகு காய்ந்து அடுத்த தீக்கு வழி செய்கிறது. தெற்குக் கலிபோர்னியாவின் குன்றுகளில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த மஞ்சள் வெளி, இயல்பான புதர்களை இழந்த நிலம் என்பதை மறக்கலாகாது.

தமிழ்ச் சமையலறைக்கும் இந்தச் செடிகளுக்கும் உறவு உண்டு. கருங்கடுகு ஒரு காலத்தில் உலகெங்கும் பயிரானது. முற்றிய காய் சட்டென வெடித்து விதையைச் சிந்திவிடுவதால் இயந்திர அறுவடைக்கு அது ஒத்துவரவில்லை. இன்று இந்தியச் சந்தையில் கடுகு என்று விற்பது பெரும்பாலும் பிராசிக்கா ஜன்சியா. இந்த ஜன்சியா கருங்கடுகுக்குப் பிறந்த பிள்ளை. ஜப்பானில் பிறந்த, கொரிய வழி வந்த ஊ ஜாங் சுன் என்ற தாவரவியலாளர் 1935இல் வெளியிட்ட ஆய்வில் இந்த உறவை விளக்கினார். கருங்கடுகின் இனப்பெருக்க அணுவில் 8 குரோமோசோம்கள். டர்னிப் கிழங்கின் இனமான பிராசிக்கா ராப்பாவில் 10. இரண்டும் கலந்து உருவான ஜன்சியாவில் 18. முட்டைக்கோசின் இனமான ஒலரேசியாவில் 9. அது ராப்பாவோடு கலந்தபோது 19 குரோமோசோம்கள் கொண்ட கனோலாவின் இனம், நேப்பஸ், உண்டானது. ஒரே இரத்தம் இத்தனை செடிகளில் ஓடும்போது அவை ஒன்றை ஒன்று ஒத்திருப்பதில் வியப்பில்லை.

அந்த ராப்பாவும் களையாகத் திரிகிறது. நாப்பா பள்ளத்தாக்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இலையுதிர்ந்த திராட்சைக் கொடிகளுக்கு நடுவே பூத்துக் கிடப்பது பெரும்பாலும் இதுதான். வயற்கடுகு என்று இதைச் சொல்லலாம். இதை அடையாளம் காண்பது எளிது: மேல் இலைகள் காம்பில்லாமல், அடியில் இரு காதுகளாக வளைந்து தண்டைச் சுற்றித் தழுவியிருக்கும். மேற்பகுதி வழவழப்பானது. காய் 3 முதல் 7 சென்டிமீட்டர் நீண்டு தண்டிலிருந்து விலகி நிற்கும். மெலிந்த நீண்ட அலகு, உள்ளே விதை இல்லை. கனோலாவின் நேப்பஸிலும் இலை தழுவும், ஆனால் பாதியளவே. செடி முழுவதும் நீலம் கலந்த சாம்பல் பூச்சு இருக்கும். பூங்கொத்தின் நுனியைப் பார்த்தாலும் தெரியும்: ராப்பாவில் விரிந்த பூக்கள் மொட்டுகளை மறைத்து மேலே நிற்கும்; நேப்பஸில் மொட்டுகள் பூக்களுக்கு மேலே தலை நீட்டும். கனோலா பயிரிடும் இடங்களில் இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் இரண்டும் எளிதில் கலப்பினமாகிப் பயிரின் பண்புகள் களைக்குப் போய்ச் சேரும். களையாக முளைக்கும் ஜன்சியாவில் இலை தழுவாது. அதன் மேல் இலைகள் குறுகிக் காம்போடு நிற்கும், காய் 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை நீளும்.

சைனாபிஸ் பேரினத்தில் இரண்டு. சார்லாக் எனப்படும் சைனாபிஸ் அர்வென்சிஸ் ஐரோப்பாவின் தானிய வயல்களில் பழைய எதிரி. அதன் மேல் இலைகள் காம்பின்றி, ஓரம் பற்களாக வெட்டுப்பட்டு நிற்கும், தண்டைத் தழுவாது. தண்டின் அடியில் கரடுமுரடான மயிர்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். கிளை பிரியும் இடத்தில் பெரும்பாலும் ஊதாக் கறை தென்படும். பூவின் புல்லி இதழ்கள் அகல விரிந்து நிற்கும். காய் 2 முதல் 4 சென்டிமீட்டர். ஓட்டில் மூன்று நரம்புகள். கோணமான, உறுதியான அலகுக்குள் பல சமயம் ஒரு விதை. பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கக்கூடிய விதை இதனுடையதுதான். மேய்ச்சல் நிலமாகக் கிடந்த வயலை மீண்டும் உழும்போது, கண்ணில் படாதிருந்த சார்லாக் கூட்டமாக முளைப்பது அதனால்தான். வெண்கடுகான சைனாபிஸ் ஆல்பாவை இதனோடு குழப்பத் தேவையில்லை. அதன் காய் முழுக்க முரட்டு மயிர் இருக்கும். தட்டையான அலகு ஓட்டுப் பகுதியின் நீளத்துக்கு வரும் அல்லது அதையும் மிஞ்சும்.

பாலைவனத்தில் கதை வேறு. அங்கே ஒரே கடுகுதான் பெரும் கேடு: சகாரா கடுகு, பிராசிக்கா டூர்னெஃபோர்ட்டி. வட அமெரிக்காவில் இது முதலில் 1927இல் கோச்செல்லா பள்ளத்தாக்கில் சேகரிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் நடுவதற்காக மேற்கு ஆசியாவிலிருந்து வந்த பேரீச்சங்கன்றுகளோடு விதையும் வந்திருக்கும் என்று கருதப்படுகிறது. பிற கடுகுகள் மஞ்சளால் கண்ணைப் பறிக்கும். இதன் பூ சிறிது, நிறமும் மங்கல், தூரத்தில் பூத்திருப்பதே தெரியாது. தேனீயை எதிர்பாராமல் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடுவதால் அதற்குக் கவர்ச்சி தேவைப்படவில்லை. அடையாளம் தரையில் இருக்கிறது. அடியிலைகள் பல மடல்களாக, பற்களோடு, முரட்டு மயிரோடு நீண்டு, தரையோடு ஒட்டி வட்டமாக விரியும். நல்ல மழையில் அந்த வட்டம் மிகப் பெரிதாகும். மேல் தண்டில் இலை அநேகமாக இராது. கிளைகள் மட்டும் மீண்டும் மீண்டும் பிரிந்து புதர் போலத் தெரியும். காய் 3 முதல் 7 சென்டிமீட்டர், தண்டிலிருந்து விலகி நீட்டிக்கொண்டு, விதை உள்ள இடங்களில் புடைத்திருக்கும். அலகு 1 சென்டிமீட்டருக்கு மேல். அதற்குள் ஒன்றிரண்டு விதைகள்.

ஒரு பெரிய செடியில் ஆயிரக்கணக்கான விதைகள் உண்டாகும். ஈரம் பட்டால் விதையின் மேல்தோல் வழுவழுப்பாகிக் கண்டதில் ஒட்டிக்கொள்ளும். கார் சக்கரத்தில் ஒட்டி நெடுஞ்சாலைகளின் ஓரமாக மைல் கணக்கில் போகும். காய்ந்த செடி அடியில் முறிந்து காற்றில் உருண்டு, போகிற வழியெல்லாம் விதையைச் சிந்தும். 2005 போன்ற மழை மிகுந்த ஆண்டுகளில் அன்சா பொரேகோ பாலைவனப் பூங்காவின் மணல்வெளிகளில் இது ஓங்கி, மணல் வெர்பீனாவும் மாலை பிரிம்ரோஸும் பூக்க வேண்டிய இடத்தை நெருக்கியது. இயல்பான ஓராண்டுச் செடிகளுக்கு முன்பே முளைத்து, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, அவை பூக்கும் நேரத்துக்குக் காய் முற்றிவிடும். செடிக்குச் செடி வெற்றிடம் இருந்ததால் தீ பரவாத பாலையில், காய்ந்த கடுகு அந்த வெற்றிடங்களை நிரப்புகிறது. தன்னார்வலர்கள் ஜனவரி, பிப்ரவரியில் கையால் பிடுங்குகிறார்கள். அந்த வேலையில் பிழை நேரும் இடம் இளஞ்செடிப் பருவம்தான். மாலை பிரிம்ரோஸ் சிலவற்றின் அடியிலைக் கொத்தும் மடல் மடலாகத் தரையில் விரியும். மயிரைத் தடவிப் பார்ப்பதும், இலையைக் கசக்கிக் கடுகின் காரம் வருகிறதா என்று முகர்வதும் நல்ல வழி.

காட்டு முள்ளங்கியில் பெரிய சிக்கல் இல்லை. அதன் காய் மற்றவை போல இரண்டு ஓடாகப் பிளக்காது. ராஃபானஸ் ராஃபானிஸ்ட்ரம் என்ற சிற்றினத்தில் காய் விதைக்கு விதை குறுகி, மணிகளைக் கோத்தது போலிருக்கும். முற்றியதும் துண்டு துண்டாக உடையும். புல்லி இதழ்கள் நிமிர்ந்து ஒட்டியிருக்கும். இதழில் கருமையான நரம்புகள் ஓடும். தோட்டத்து முள்ளங்கியின் காய் பஞ்சுபோல் உப்பி, உடையாமல் இருக்கும். கலிபோர்னியாவின் கடற்கரையில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா என எல்லா நிறத்திலும் பூத்து நிற்பது இந்த இரண்டும் கலந்து உருவான செடி. ஆகவே அங்கே பூ மஞ்சளாக இருப்பது கடுகுக்குச் சான்றாகாது, ஊதாவாக இருப்பது தோட்டத்து முள்ளங்கிக்கும் சான்றாகாது.

மீதி உள்ளவை சிசிம்பிரியம் பேரினம். இவற்றின் பூ மிகச் சிறியது. காய் மெலிந்தது, சொல்லும்படி அலகே இராது. லண்டன் ராக்கெட் எனப்படும் சிசிம்பிரியம் ஐரியோவில் இளங்காய்கள் நுனிப் பூக்களையும் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். 1666இல் லண்டன் பெருந்தீக்குப் பின் சாம்பல் நிலத்தில் அது கூட்டமாக முளைத்ததால் அந்தப் பெயர். சிசிம்பிரியம் அஃபிசினேலில் காய் 1 முதல் 1.5 சென்டிமீட்டர்; கருங்கடுகு போலத் தண்டோடு ஒட்டி நிற்பதால் குழப்பம் வரும். ஆனால் இக்காய் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகக் கூம்பிக்கொண்டே போகும், அலகு தனியாகப் பிரிந்து தெரியாது. இதழும் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். இலை நூலிழைகளாகப் பிரிந்து, பூ மங்கிய மஞ்சளாக இருந்தால் அது டெஸ்கியூரேனியா. அதில் பின்னேட்டா என்ற சிற்றினம் வட அமெரிக்காவுக்கே உரியது. அதைக் களையென்று பிடுங்கலாகாது.

சந்தேகம் தீராத செடியைத் தாவரவியல் நிலையத்துக்குக் கொண்டுபோவதானால் பூங்கொத்தை மட்டும் கிள்ளிக்கொண்டு போவதில் பயனில்லை. அடியிலையும், தண்டின் அடிப்பகுதியும், ஒரு மேல் இலையும், பூவும், முற்றிய காயும் அடங்க முழுச் செடியை எடுத்துச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும். காய்ந்த பிறகு தெரியாமல் போகிறவற்றை, அதாவது செடியின் உயரம், இதழின் நிறம், சேகரித்த தேதி, இடம் ஆகியவற்றை, உடனே ஒரு சீட்டில் எழுதிச் சேர்க்க வேண்டும். வெடிக்கும் நிலையில் உள்ள காயைத் தனியாக ஒரு காகித உறையில் இட்டு ஒட்டிவிட்டால் விதை வழியில் சிந்தாது.